சிறகு முளைத்த முஷ்டி: நியூயார்க்கின் ஓர் ஐரிஷ் தடகளக் கிளப்

1908 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கா 23 தங்கப் பதக்கங்களை வென்றது. அவற்றில் பத்து, நியூயார்க் நகரத்தின் ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தன என்று அந்தக் கிளப்பைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். கணக்கைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். வட்டெறிதலின் இரண்டு வகைகளிலும் மார்ட்டின் ஷெரிடன். சம்மட்டி எறிதலில் ஜான் ஃபிளனகன். 800, 1500 மீட்டர் ஓட்டங்களில் மெல் ஷெப்பர்ட். மாரத்தானில் ஜானி ஹேஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் சார்லஸ் பேக்கன். உயரம் தாண்டுதலில் ஹாரி போர்ட்டர். ஆக எட்டு. ஒன்பதாவது, கலப்புத் தொடரோட்டம். அதில் ஓடிய நால்வரில் ஷெப்பர்டும் ஜான் டெய்லரும் கிளப்பின் ஆட்கள். தலைக்கணக்கில் பத்து வருகிறது, போட்டிக்கணக்கில் ஒன்பதுதான். நாட்டின் 23 போட்டிக்கணக்கு என்பதால் அதனுடன் வைத்துப் பார்க்க வேண்டிய எண் ஒன்பது. குறைத்துச் சொன்னாலும் மலைப்பு குறையவில்லை. குவீன்ஸ் பகுதியில் ஒரு மைதானமும் மன்ஹாட்டனில் ஒரு கட்டடமும் வைத்திருந்த உள்ளூர்ச் சங்கம் அது.

அதன் பெயர் ஐரிஷ் அமெரிக்கன் அத்லெடிக் கிளப். பெயரைப் பார்த்து, வெற்றிக்குக் காரணம் ஐரிஷ் ரத்தம் என்று அன்றைய பத்திரிகைகள் பல எழுதின. அயர்லாந்தின் மண்ணும் பாலும் உருளைக்கிழங்கும் இப்படிப்பட்ட உடம்புகளை உருவாக்கின என்பது அந்தக் காலத்துக்குப் பிடித்தமான விளக்கம். உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் அந்த விளக்கம் நிற்கவில்லை. அதில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர் இருக்கிறார், பிலடெல்ஃபியாவில் வளர்ந்த கறுப்பின மாணவர் இருக்கிறார், கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், இத்தாலியர், பின்லாந்துக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். அதன் வலிமையை ரத்தத்தில் தேடுவதைவிட ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் விற்பனையிலும், நகரக் காவல்துறைச் சம்பளத்திலும், வாசலில் ஆளை நிறுத்திக் குலம் கேட்காத உறுப்பினர் சேர்க்கையிலும் தேடுவதே சரி என்பது என் கருத்து. இந்த மூன்றும் வாய்த்த காலம் இருபது ஆண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. கிளப்பும் நீடிக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தடகளம் யாருடைய சொத்தாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1866-இல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் அத்லெடிக் கிளப், அமெச்சூர் என்பவர் யார் என்று வரையறுத்தபோது, மெக்கானிக்கையும் கைவினைஞரையும் கூலித் தொழிலாளியையும் வெளியே நிறுத்தியது. பரிசுப் பணத்துக்காக ஓடாதவர் என்பதோடு முடித்திருக்கலாம். உழைத்துச் சாப்பிடுகிறவர் கனவான்களோடு ஓடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அமெரிக்கா அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தேவையும் இருக்கவில்லை. 1868-இல் தொடங்கப்பட்ட நியூயார்க் அத்லெடிக் கிளப் சந்தா மூலமும் உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்பு மூலமும் அதே வேலையை ஓசைப்படாமல் செய்தது. சிறகு முளைத்த பாதம் அதன் சின்னம். யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அந்தக் கதவு இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் மூடியே இருந்தது. 1968 பிப்ரவரியில் அந்தக் கிளப் தன் நூற்றாண்டுப் போட்டியை மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்தியபோது கறுப்பின வீரர்கள் பலர் புறக்கணித்து வெளியே மறியல் செய்தது அந்த வரலாற்றுக்கான பதில்.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் கப்பலேறி வந்த ஐரிஷ் மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூயார்க்கின் துறைமுகங்களிலும் சுரங்கப் பணிகளிலும் மதுக்கடைகளிலும் காவல் நிலையங்களிலும் வேலை பார்த்தார்கள். கனவான்களின் கிளப்பில் திறமையான ஓரிரு ஐரிஷ் எறிவீரர்களுக்கு இடம் கிடைத்தது உண்டு. ஃபிளனகனே 1900-இல் சிறகுப் பாதம் அணிந்துதான் பாரிஸ் போனார். கூட்டமாக நுழைய மட்டும் முடியாது.

1898 ஜனவரி 1-ஆம் தேதி மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ் முதலிய ஐந்து பகுதிகள் ஒன்றாகி இன்றைய நியூயார்க் மாநகரம் பிறந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி கிரேட்டர் நியூயார்க் ஐரிஷ் அத்லெடிக் அசோசியேஷன் என்ற பெயரில் இந்தச் சங்கம் தொடங்கியது. பெயர் சில ஆண்டுகளில் சுருங்கியது. சின்னமாக ஒரு முஷ்டியை எடுத்துக்கொண்டு, அதற்குச் சிறகு வைத்து, அமெரிக்கக் கொடியும் அயர்லாந்தின் மூவிலைச் செடியும் சேர்த்து, வலிய கரமே வெல்லும் என்ற பொருளில் ஐரிஷ் மொழியில் ஒரு வாசகத்தையும் பொறித்தார்கள். பாதத்துக்குப் பதில் முஷ்டி. யாரைச் சீண்டுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

மைதானத்துக்கு அவர்கள் வாங்கிய நிலம் குவீன்ஸின் லாரல் ஹில் பகுதியில், கால்வரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே இருந்த விவசாய நிலம். செல்டிக் பார்க் என்று பெயர் வைத்தார்கள். புதுப்பிக்கப்பட்டு 1901 மே மாதம் மீண்டும் திறந்தபோது அது நாட்டின் நல்ல தடகள மைதானங்களில் ஒன்று. அங்கே ஐரிஷ் கால்பந்தும் ஹர்லிங்கும் ஆடினார்கள். போட்டி நாளென்றால் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டு, பீர் குடித்து, ஆடிப்பாடிப் போகிற திருவிழா நாள். முக்கியமான விஷயம், அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறவனுக்கு ஏழாவது நாள் ஒன்றுதான் தன்னுடையது. புராட்டஸ்டண்ட் அமெரிக்காவின் பெரும்பகுதி அன்று விளையாட்டே கூடாது என்று கருதியது. பல ஊர்களில் சட்டமும் அப்படித்தான் இருந்தது. காலையில் பூசை முடித்த கத்தோலிக்கருக்கு மதியம் ஓட்டப்பந்தயம் பார்ப்பதில் உறுத்தல் எதுவுமில்லை. பணக்கார உறுப்பினர் சந்தாவில் வாழாத ஒரு கிளப், வாசல் வசூலில் வாழ முடிந்தது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவருடைய வாழ்க்கையில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு மையர் பிரின்ஸ்டீன் நல்ல சாட்சி. ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து, சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலின் தகுதிச் சுற்றில் முதலிடம். இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. சிராக்கியூஸ் மெத்தடிஸ்ட் சபையின் நிறுவனம்; தன் மாணவர்கள் அன்று போட்டியிடக் கூடாது என்றது. ஓய்வுநாள் சனிக்கிழமையாக இருக்கும் யூதர், சனிக்கிழமை தாண்டிவிட்டு, அடுத்தவர்களின் ஓய்வுநாளுக்காக ஞாயிறன்று வெளியே நின்றார். கிறிஸ்தவரான ஆல்வின் கிரென்ஸ்லைன் ஞாயிறன்று தாண்டி ஒரே சென்டிமீட்டரில் தங்கத்தை எடுத்துக்கொண்டார். தானும் தாண்டப் போவதில்லை என்று கிரென்ஸ்லைன் சொல்லியிருந்ததாகப் பிரின்ஸ்டீன் தரப்பு குற்றம் சாட்டியது. பிரின்ஸ்டீன் அவர் முகத்தில் குத்தினார் என்று ஒரு கதை, குத்தவிடாமல் பிடித்துவிட்டார்கள் என்று இன்னொரு கதை. மறுநாள் திங்கள்கிழமை மும்முறைத் தாண்டலில் பிரின்ஸ்டீன் தங்கம் வென்றார் என்பதில் மட்டும் இரு கதைகளும் ஒத்துப்போகின்றன.

அவர் பிறகு சேர்ந்த இடம் இந்த ஐரிஷ் கிளப். 1904 செயின்ட் லூயிஸில் நீளம் தாண்டுதலிலும் மும்முறைத் தாண்டலிலும் ஒரே நாளில் தங்கம். 1906-இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால ஒலிம்பிக்கில் இன்னொன்று. ஏதென்ஸில் அவர் வென்றது யாரை என்று பார்த்தால் வரலாற்றின் குறும்பு புரியும். இரண்டாமிடம் வந்தவர் பீட்டர் ஓ'கானர். 1901-இல் 7.61 மீட்டர் தாண்டி உலகச் சாதனை வைத்திருந்த ஐரிஷ்காரர். அயர்லாந்துக்காக ஆட வந்திருந்தார். பிரிட்டன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நடுவராக இருந்தவர் அமெரிக்க அணியின் மேலாளர் என்பதால் தனக்கு அநீதி நடந்தது என்று ஓ'கானர் முறையிட்டார். பலிக்கவில்லை. பரிசளிப்பில் தன் பேருக்கு பிரிட்டிஷ் கொடி ஏறியதைப் பொறுக்காமல் கொடிக்கம்பத்தில் தானே ஏறிப் பச்சைக்கொடியை அசைத்தார்; சக ஐரிஷ் வீரர் கான் லேஹி கம்பத்தின் அடியில் காவல் நின்றார். இந்தக் காட்சியை ஐரிஷ் தேசியத்தின் பெருமைக்குரிய தருணமாகச் சொல்வது வழக்கம். ஓ'கானரைத் தோற்கடித்தவர் நியூயார்க் ஐரிஷ்காரர்களின் கிளப்பில் உறுப்பினரான ஒரு யூதர் என்பதை அந்தக் கதைசொல்லிகள் அடிக்கோடிடுவதில்லை.

ஜான் பேக்ஸ்டர் டெய்லரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் பிறந்து பிலடெல்ஃபியாவில் வளர்ந்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்து 1908-இல் பட்டம் பெற்றவர். நாட்டின் மிகச் சிறந்த கால் மைல் ஓட்டக்காரர்களில் ஒருவர். லண்டனில் 400 மீட்டர் இறுதிப்போட்டிக்கு நான்கு பேர் வந்தார்கள்: டெய்லர், அவருடைய அமெரிக்க சகாக்களான கார்பென்டர், ராபின்ஸ், பிரிட்டனின் விண்ட்ஹாம் ஹால்ஸ்வெல். கார்பென்டர் கடைசி நேராட்டத்தில் ஹால்ஸ்வெல்லை மறித்தார் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டியையே ரத்து செய்து, கார்பென்டரை நீக்கி, இரண்டு நாள் கழித்து மறு ஓட்டம் வைத்தார்கள். டெய்லரும் ராபின்ஸும் வரவில்லை. ஹால்ஸ்வெல் ஆளில்லாத தடத்தில் தனியே ஓடித் தங்கம் பெற்றார். ஒலிம்பிக் வரலாற்றில் அப்படி ஒரு தடகளத் தங்கம் அது ஒன்றுதான்.

அதே நாளில் நடந்த கலப்புத் தொடரோட்டத்தில் முதல் இருவர் தலா 200 மீட்டரும், மூன்றாமவர் 400-உம், நான்காமவர் 800-உம் ஓட வேண்டும். மூன்றாமவர் டெய்லர், நான்காமவர் ஷெப்பர்ட். சொந்தக் கிளப்பின் ஆளுக்கே ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு டெய்லர் ஒதுங்கினார், ஷெப்பர்ட் முடித்தார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் டெய்லர். அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி டைஃபாய்டு காய்ச்சலில் அவர் இறந்தபோது வயது 26.

இதையெல்லாம் வைத்து இந்தக் கிளப்பைச் சமத்துவத்தின் கோயிலாக்கிவிடக் கூடாது. டெய்லர் புள்ளி வாங்கித் தரக்கூடியவர், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். பிரின்ஸ்டீனும் அப்படியே. தேசிய அணிப் பட்டத்துக்குச் சிறகுப் பாதத்தோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டிய கிளப்புக்குத் தாண்டுபவரும் குறுந்தொலைவு ஓடுபவரும் தேவைப்பட்டார்கள். ஐரிஷ் குடியேறிகளிடம் எறிபவர்கள் ஏராளம், மற்றவர்கள் குறைவு. இந்தத் தேவைதான் கதவைத் திறந்தது. தேவையிருந்தும் திறக்காதவர்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எடைபோட்டால் தராசு கொஞ்சம் இவர்கள் பக்கம் சாயும்.

எறிபவர்கள் ஏராளம் என்றேன். சம்மட்டி எறிதலின் ஒலிம்பிக் பட்டியல் அதைச் சொல்லும். 1900, 1904, 1908 மூன்றிலும் ஃபிளனகன். 1912-இல் மேட் மெக்ராத். 1920-இல் பேட் ரயன். லிமெரிக், டிப்பெரரி, மறுபடி லிமெரிக். ஐந்து ஒலிம்பிக்கிலும் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர்கள். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் இந்தப் போட்டியில் வெல்ல 1924-இல் ஃபிரெட் டூட்டெல் வரவேண்டியிருந்தது. ரயன் 1913 ஆகஸ்டில் செல்டிக் பார்க்கில் எறிந்த 57.77 மீட்டர், உலகச் சாதனையாக 1938 வரை 25 ஆண்டு நின்றது.

அயர்லாந்தின் கிராமங்களில் கல்லும் இரும்புக்குண்டும் எறிவது பழைய விளையாட்டு. 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதற்கு விதியும் போட்டியும் கொடுத்தது. ஊரிலிருந்து வந்த அந்தத் திறமைக்குச் சோறு போட்டது நியூயார்க் காவல்துறை. ஃபிளனகன், மெக்ராத், ஷெரிடன், குண்டெறிபவரான பேட் மெக்டொனால்ட் எல்லோரும் போலீஸ்காரர்கள். மெக்டொனால்ட் டைம்ஸ் சதுக்கத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவர். அந்த உருவத்தைப் பார்த்தே வண்டிகள் நின்றிருக்கும். இவர்களுக்குப் பின்னாளில் ஐரிஷ் திமிங்கிலங்கள் என்று பட்டப்பெயர் நிலைத்தது. நகரசபையின் ஐரிஷ் அரசியல் செல்வாக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. வேலை நிலையான சம்பளத்தையும், பயிற்சிக்கு ஓரளவு ஓய்வையும் கொடுத்தது. விளையாட்டுக்கு ஒரு காசும் வாங்காத அமெச்சூராக ஒரு தொழிலாளி இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் வேறு எதற்காவது அவருக்குச் சம்பளம் தர வேண்டும். கனவான்களுக்கு அப்பா தந்தார், இவர்களுக்கு நகரம் தந்தது.

மெல் ஷெப்பர்டுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதயம் பலவீனம் என்று காவல்துறை மருத்துவப் பரிசோதனையில் அவரைத் திருப்பி அனுப்பியது. அந்த இதயத்தோடு லண்டனில் 1500 மீட்டரை வென்று, 800 மீட்டரில் 1 நிமிடம் 52.8 வினாடி என்று உலகச் சாதனையும் செய்தார்.

திமிங்கிலங்களில் தலைமகன் ஷெரிடன். மேயோ மாவட்டத்தின் பொஹோலாவில் 1881-இல் பிறந்தவர். 1904-இல் வட்டெறிதலில் அவரும் ரால்ஃப் ரோஸும் சரிசமமாக 39.28 மீட்டர் எறிந்ததால், மறு எறிதல் வைத்து அவர் வென்றார். 1906-இல் வட்டிலும் குண்டிலும் தங்கம், மூன்று வெள்ளி. 1908-இல் இன்னும் இரண்டு தங்கம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதில் ஒரு வெண்கலம். மொத்தம் ஐந்து தங்கம் என்று ஐரிஷ் எழுத்தாளர்கள் எழுதுவார்கள். 1906 போட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கணக்கில் எடுப்பதில்லை. அதன் ஏட்டில் அவருக்கு மூன்றுதான். ஏதென்ஸில் அவர் எறிந்தபோது அது ஒலிம்பிக் என்று நம்பித்தான் எல்லோரும் வந்திருந்தார்கள் என்பதால், ஐந்து என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

அவர் பேரில் சுற்றும் இன்னொரு கதையோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. லண்டன் தொடக்க விழாவில் மன்னர் ஏழாம் எட்வர்டின் முன் அமெரிக்கக் கொடியைத் தாழ்த்தவில்லை என்றும், இந்தக் கொடி எந்த மண்ணுலக மன்னனுக்கும் தாழாது என்ற பொருளில் ஷெரிடன் முழங்கினார் என்றும் சொல்லப்படுகிறது. கொடியை ஏந்தியவர் சான் பிரான்சிஸ்கோ ஒலிம்பிக் கிளப்பைச் சேர்ந்த ரோஸ். ஷெரிடன் சொன்னதாகக் கூறப்படும் வாக்கியம் அச்சில் வருவது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அரங்க அலங்காரத்தில் அமெரிக்கக் கொடி விடுபட்டிருந்ததில் அணிக்குக் கோபம் இருந்தது உண்மை. ஐரிஷ் குடியேறிகள் நிறைந்த அணிக்குப் பிரிட்டிஷ் மன்னர்மேல் அன்பு பொங்கியிருக்காது என்பதும் உண்மை. இந்த இரண்டிலிருந்தும் ஒரு வசனத்தைப் பின்னால் வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

லண்டனில் வென்றவர்களில் ஊரே கொண்டாடிய பெயர் ஜானி ஹேஸ். இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்கத்துக்குள் முதலில் வந்து, தடுமாறி விழுந்து விழுந்து எழுந்து, அதிகாரிகள் தாங்கிப்பிடித்து எல்லைக்கோட்டைக் கடக்கவைத்த மாரத்தான் அது. உதவி பெற்றதால் பியெத்ரி நீக்கப்பட்டு, 2 மணி 55 நிமிடம் 18 வினாடியில் வந்த ஹேஸுக்குத் தங்கம் கிடைத்தது. அன்று ஓடிய 26 மைல் 385 கெஜம்தான் இன்றைய மாரத்தான் தூரம். ஹேஸ் புளூமிங்டேல்ஸ் கடையின் குமாஸ்தா, கடையின் மொட்டை மாடியில் ஓடிப் பழகினார் என்று பத்திரிகைகள் இனிக்க இனிக்க எழுதின. கடையும் கிளப்பின் மன்ஹாட்டன் கட்டடமும் 59-ஆவது தெருவிலேயே இருந்தன. அவர் உண்மையில் பார்த்திருந்த வேலை பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது. கடையில் அவர் பெற்ற சம்பளத்துக்கும் கடையில் நின்ற நேரத்துக்கும் அதிகத் தொடர்பில்லை. ஹேஸ் சில மாதங்களில் வெளிப்படையாகவே தொழில்முறைக்கு மாறி, நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குள் டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன் பியெத்ரியோடு மீண்டும் மாரத்தான் ஓடினார். அந்த முறை பியெத்ரி வென்றார்.

அடுத்த தலைமுறையில் ஏபெல் கிவியட். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் யூதக் குடியேறிகளுக்குப் பிறந்து ஸ்டாட்டன் தீவில் வளர்ந்த குள்ளமான பையன். 1912 மே 26-க்கும் ஜூன் 8-க்கும் இடையில் 1500 மீட்டர் உலகச் சாதனையை மூன்று முறை மாற்றினார். கடைசியாக 3 நிமிடம் 55.8 வினாடி. ஸ்டாக்ஹோம் போன கப்பலில் அவரும் ஜிம் தோர்ப்பும் ஒரே அறை. ஒலிம்பிக் இறுதியில் இங்கிலாந்தின் ஆர்னால்ட் ஜாக்சன் கடைசியில் முந்த, கிவியட்டுக்கு வெள்ளி. அந்த இரண்டாமிடத்தையே புகைப்படம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். பயணச் செலவு என்ற பேரில் கூடுதலாகப் பணம் வாங்கினார் என்று 1915-இல் அவரை அமெச்சூர் சங்கம் தடை செய்தது. போட்டி நடத்துகிறவர்கள் வாசலில் வசூல் பண்ணலாம், பத்திரிகைகள் விற்கலாம், ஓடுகிறவன் மட்டும் ரயில் டிக்கெட்டுக்கு மேல் வாங்கக் கூடாது.

தோர்ப்பின் கதையும் செல்டிக் பார்க்கைத் தொட்டுப் போகிறது. ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கம் வென்று திரும்பிய அவர், 1912 செப்டம்பர் 2-ஆம் தேதி தேசிய பத்துப் போட்டிச் சாம்பியன்ஷிப்புக்கு அங்கே வந்தார். அந்தப் பழைய பத்துப் போட்டியின் கொடுமை இன்றைய டெகாத்லானில் கிடையாது. ஓட்டம், தாண்டல், நடை, குண்டு, சம்மட்டி, 25 கிலோவுக்கு மேலான இரும்புக்கட்டி எறிதல், கடைசியில் ஒரு மைல் ஓட்டம் எல்லாம் ஒரே நாளில் முடிக்க வேண்டும். 1905, 1907, 1909 மூன்று முறை அந்தப் பட்டம் ஷெரிடனுடையது. 1909-இல் அதே மைதானத்தில் அவர் எடுத்த 7,385 புள்ளி சாதனையாக நின்றது. தோர்ப் 7,476 எடுத்தார். ஷெரிடன் அங்கே இருந்து பார்த்து, தன்னைவிட இவர் பெரியவர் என்று மனதாரப் பாராட்டினார். அடுத்த சில மாதங்களில், முன்பு சில்லறைக் கூலிக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற காரணத்துக்காக அந்தப் பழங்குடி இளைஞரின் ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக ஒப்புக்கொள்ள 2022 ஆயிற்று. பறிப்பதில் முன்னின்ற ஜேம்ஸ் சல்லிவன் ஐரிஷ் குடியேறிகளின் மகன்.

இந்த ஆண்டுகளில் முஷ்டியின் வீச்சு நாட்டைத் தாண்டியது. லண்டனில் ஷெப்பர்டுக்கு அடுத்து வந்த இத்தாலியர் எமிலியோ லுங்கி 1909-இல் அமெரிக்கா வந்து அதே சட்டையில் ஓடி, மாண்ட்ரியலில் அரை மைல் சாதனை படைத்தார். ஸ்டாக்ஹோமில் மூன்று தங்கம் வென்ற பின்லாந்தின் ஹான்னஸ் கோலெமைனென் போட்டி முடிந்த கையோடு நியூயார்க்கில் குடியேறிக் கிளப்பில் சேர்ந்தார். கிளப்பின் பயிற்சியாளராயிருந்த எர்னி யெர்ட்பெர்க்கைத் தாய்நாடான சுவீடன் தன் 1912 அணிக்காக அழைத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு வந்த லாசன் ராபர்ட்சன், கிளப்பிலேயே குறுந்தொலைவு ஓடியவர், பின்னாளில் நான்கு ஒலிம்பிக்குகளுக்கு அமெரிக்கத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவற்றில் கடைசி 1936 பெர்லின். அங்கே 4x100 தொடரோட்ட நாளன்று காலையில் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்ற இரண்டு யூத வீரர்களை அணியிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தவர் இந்த ராபர்ட்சன்தான். கிவியட்டைப் பயிற்றுவித்த மனிதர். ஒரு கிளப்பில் கற்ற பழக்கம் ஆளோடு கூடவே வருவதில்லை.

1908-இல் வெற்றி வீரர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கைகுலுக்கிய தியோடர் ரூஸ்வெல்ட், 1915 அக்டோபரில் நியூயார்க்கில் கத்தோலிக்கர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் நின்று, பாதி அந்நியர் பாதி அமெரிக்கர் என்று சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் குடியேறிகளுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று கடிந்து பேசினார். இரண்டு ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது, அதுவும் பிரிட்டனின் பக்கம். இளைஞர்கள் ராணுவத்துக்குப் போனார்கள், போட்டிகள் குறைந்தன, கிளப் கலைந்தது. ஷெரிடன் 1918 மார்ச் 27-ஆம் தேதி, 37 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், நிமோனியாவில் இறந்து கால்வரியில் அடக்கமானார். 1920-இல் மதுவிலக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை வருமானத்தின் இன்னொரு காலையும் முறித்தது. மைதானத்தில் கேலிக் ஆட்டங்கள் தொடர்ந்தன. 1930-இல் அதை ஒரு வீட்டுவசதி நிறுவனம் வாங்கிக் குடியிருப்புகள் கட்டியது. அவற்றுக்கு இன்றும் செல்டிக் பார்க் என்றே பெயர். 2012-இல் அருகிலுள்ள 43-ஆவது தெருவின் ஒரு பகுதிக்கு ‘விங்டு ஃபிஸ்ட் வே’ என்று கூடுதல் பெயர் சூட்டினார்கள். கிவியட் 99 வயது வரை வாழ்ந்தார். 1984 ஒலிம்பிக் ஜோதியை நியூயார்க்கில் ஏந்தியவர்களில் அவரும் ஒருவர்.

கிளப் போன பிறகும் திமிங்கிலங்கள் சில காலம் நீந்தின. 1920 ஆண்ட்வெர்ப்பில் 42 வயது மெக்டொனால்ட் இரும்புக்கட்டி எறிந்து வென்ற தங்கம், தடகளத்தில் மிக அதிக வயதில் வென்ற ஒலிம்பிக் தங்கமாக நிற்கிறது. 1924-இல் மெக்ராத் 45-ஐக் கடந்த வயதில் சம்மட்டியில் வெள்ளி வாங்கினார். ரயன் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். அவருக்கு முன்பே, 1911-இல், ஃபிளனகன் லிமெரிக்குக்குத் திரும்பியிருந்தார். அங்கே தன்னைத் தேடி வந்த பேட் ஓ'கலகன் என்ற இளம் டாக்டருக்குச் சம்மட்டி சுழற்றும் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1928 ஆம்ஸ்டர்டாமில் ஓ'கலகன் வென்றது, சுதந்திர அயர்லாந்தின் பேரில் எழுதப்பட்ட முதல் ஒலிம்பிக் தங்கம்.